சுவரில் தொங்கிய தகரப்பெட்டி

ஒரு சுகாதார நிலையத்தில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து தன் வயிற்றில் இருக்கிறது என்று அதற்கு ஏகப்பட்ட பெருமை. மின்சாரத்துக்கும் அதற்கும் நடுவே சுவரில் ஒரு ஸ்டெபிலைசர் தொங்கியது. அது நாள் முழுவதும் "டக், டக்" என்று சத்தம் போடும்.

"ஏய் தகரப்பெட்டி, கரண்ட் எவ்வளவு சாதுவாக வருகிறது! நீ எதற்கு முனகுகிறாய்?" என்று ஃபிரிட்ஜ் அதட்டும்.

"நடுவில் ஆள் எதற்கு அண்ணே? நான் நேராகவே வாங்கிக்கொள்கிறேன்" என்று கூரையில் சுழலும் மின்விசிறி சிரிக்கும்.

ஒரு மதியம் ஸ்டெபிலைசர் பலமாக ஒரு "டக்" போட்டு, ஃபிரிட்ஜுக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்திவிட்டது.

"துரோகி! மருந்து கெட்டுவிடுமே!" என்று ஃபிரிட்ஜ் அலறியது.

"கதவைத் திறக்காவிட்டால் சாயங்காலம்வரை குளிர் தாங்கும். நீ எரிந்துபோனால்தான் எல்லாம் போகும்" என்றது ஸ்டெபிலைசர்.

மேலே மின்விசிறி வெறிபிடித்ததுபோல் சுழன்றது. பிறகு புகைந்து, நின்றுபோனது.

ஃபிரிட்ஜின் குரல் இறங்கிவிட்டது. "எவ்வளவு வந்தது?"

"முந்நூற்றைம்பது வோல்ட். வர வேண்டியது இருநூற்று முப்பது."

"காலையில்?"

"நூற்றைம்பது. கூட்டித் தந்தேன். நேற்று இருநூற்றெழுபது. குறைத்துத் தந்தேன்."

"எனக்கு எப்போதும் ஒரே மாதிரிதானே வந்தது?"

வெளியே மின்சாரத்தின் வேகம் அடங்கியதும், ஸ்டெபிலைசர் மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைத் திறந்துவிட்டது. மருந்து பிழைத்தது.

சற்று நேரத்தில் மறுபடியும் "டக்" என்றது. ஃபிரிட்ஜ் தன் இரைச்சலை அடக்கிக்கொண்டு அதைக் கேட்டது.