மோட்டார் ரூம் கூரைக்கு ஒரு நூல்

நான்காவது திருகு ஏறவில்லை.

விரல்கள் விறைத்துப்போயிருந்தன. தார்ப்பாயின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டியின் பின்படியில் விமானத்தைக் கிடத்தி, அதன் மூக்குக்குள் எஞ்சினைப் பொருத்திக்கொண்டிருந்தான் அவன்.

ரேடியோவில் பறக்கும் மாதிரி விமானம். ஐந்தடி இறக்கை. நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்தது. இன்னும் ஒருமுறைகூடப் பறந்ததில்லை. எஞ்சின், போன வருடம் விழுந்து நொறுங்கிய வேறொன்றிலிருந்து காலையில் கழற்றி எடுத்து வந்தது.

திருகு ஏறியது.

அவன் நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தான்.

நடு ஆற்றில், தரைப்பாலத்தை ஒட்டிய குடிநீர் மோட்டார் ரூமின் கூரைமேல் மூன்று பேர் நின்றார்கள். வலி எடுத்த நிறைமாதக்காரி ஒருத்தி. ஜீப் டிரைவர். மூன்றாவது, கிராமச் செவிலியர் துளசிமணி.

அவன் மனைவி.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தரைப்பாலத்தில் ஜீப் நின்றுபோனது. ஜீப்பின் மேல் ஏறி, அங்கிருந்து கூரைக்குத் தாவினார்கள். அடுத்த நிமிடம் ஜீப் இல்லை. அப்போது தண்ணீர் மோட்டார் ரூம் ஜன்னலுக்குக் கீழே இருந்தது.

இப்போது ஜன்னல் தெரியவில்லை.

கரையில் கயிறு இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வழியில்லை. படகு இறக்க முடியாத வேகம். கல்யாண வீடியோக்காரர் ஒருவர் விட்ட ட்ரோனைக் காற்று பாதி வழியிலேயே ஆற்றில் அடித்துப்போட்டது.

“இதாச்சும் போகுங்களா?” என்று கேட்டார் தீயணைப்புக்காரர் மருதாசலம்.

“சைலன்சர் உக்காந்தாப் போகுங்க.”

உட்காரவில்லை. எஞ்சினின் புகை வாயில் வைத்தால் விமானத்தின் கன்னத்தில் இடித்தது. அரை விரற்கடை.

“அது இல்லாம ஓடாதுங்களா? சத்தம் வந்தா வருது.”

ஓடும். ஆனால் சைலன்சரிலிருந்து போகும் மெல்லிய குழாய்தான் டேங்குக்குள் புகையை அழுத்தி எரிபொருளைத் தள்ளும். அந்த அழுத்தம் இல்லாவிட்டால், மேலே ஏறும்போது தாகமெடுத்து நின்றுவிடும். வாலில் நூலையும் இழுத்துக்கொண்டு ஏறவேண்டும்.

இதையெல்லாம் சொல்ல நேரமில்லை.

ஹாக்சா பிளேடை எடுத்தான். எட்டு முறை பெயின்ட் அடித்து, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிய கன்னத்தை அறுத்தான். கட்டை பிளந்துகொண்டு வந்தது. வரட்டும்.

சைலன்சர் உட்கார்ந்தது.

இடையில் வைக்கும் தகடு கிழிந்திருந்தது. யாரோ குடித்துப் போட்ட கூல்டிரிங்க்ஸ் டின்னைக் கத்தரித்து வைத்தான். ஒரு போல்ட்டுக்கு மரை தேய்ந்திருந்தது. கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கினான். கம்பி உள்ளங்கையைக் கிழித்ததை அவன் கவனிக்கவில்லை.

கரையிலிருந்த பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். மோட்டார் ரூமின் ஒரு மூலைச் சுவர் ஆற்றில் சரிந்திருந்தது.

கூரையில் மூவரும் மறு மூலைக்கு நகர்ந்தார்கள்.

முன்விசிறியைச் சுண்டினான். இருமி நின்றது.

சுண்டினான்.

சுண்டினான்.

பிடித்துக்கொண்டது. நீலப் புகை தார்ப்பாய்க்குள் சுழன்றது. சைலன்சரில் கை வைத்துப் பார்த்தான், கசிவு இருக்கிறதா என்று. தோல் பொசுங்கியது. கசிவு இல்லை.

வாலில் மீன்பிடி நரம்பைக் கட்டினான்.

“நேரா எறியணுங்க. மேல தூக்கீறாதீங்க.”

மருதாசலம் இரண்டடி ஓடி எறிந்தார்.

விமானம் தண்ணீரை நோக்கி இறங்கியது. தண்ணீருக்கு ஒரு முழம் மேலே மூக்கைத் தூக்கிற்று. எஞ்சின் சத்தம் மெலிந்தது. அவன் வாய்விட்டு ஏதோ சொன்னான், சாமி பெயரோ கெட்ட வார்த்தையோ. சத்தம் மறுபடி தடித்தது.

ஏறியது.

காற்றில் தத்தளித்துக்கொண்டு கூரைக்கு மேலாகப் போனது. தாண்டியதும் ரிமோட்டில் எஞ்சினை அணைத்தான். விமானம் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. நரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

துளசிமணி கையைத் தூக்கினாள். கைக்குள் ஏதோ இருந்தது.

நரம்பைப் பிடித்து நூல் கயிறு போனது. நூல் கயிற்றைப் பிடித்து வடம் போனது. கூரையின் இரும்புத் தூணில் டிரைவர் வடத்தைக் கட்டினார். இடுப்புவாரும் அதை இழுக்கும் கயிறும் போயின.

முதலில் நிறைமாதக்காரி வந்தாள். நான்கு பேர் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சத்தங் கேட்டதுமே அக்கா அழுதுட்டாங்கண்ணா. எங்கூட்டுக்காரரு வந்துட்டாருன்னாங்க.”

அடுத்து டிரைவர் வந்தார். கரையில் விழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “சீக்கிரம். கூரை விரிசல் விட்டுருச்சு.”

வார் மூன்றாம் முறை போனது.

அவள் இடுப்பில் மாட்டுவது தெரிந்தது. கொக்கியைப் பூட்டக் குனிந்தாள்.

மோட்டார் ரூம் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அது இருந்த இடத்தில் ஆறு ஓடியது.

வடம் தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. இழுக்கும் கயிறு ஆறு பேர் கையில் இருந்தது. ஏழாவதாக அவன் பிடித்தான். பொசுங்கிய கை.

இழுத்தார்கள். கயிறு சும்மா வந்தது. பத்தடி. இருபதடி.

யாரோ ஒருவர் பிடியைத் தளர்த்தினார். இன்னொருவர் தலைப்பாகையை அவிழ்த்தார்.

அவன் இழுத்துக்கொண்டே இருந்தான்.

கயிறு கனத்தது.

பிறகு அந்தப் பக்கமிருந்து ஒருமுறை வெட்டி இழுத்தது. சற்று விட்டு, இன்னொருமுறை.

“விட்றாதீங்க,” என்றான்.