கரண்ட் இல்லாத வீடு

“எங்க அக்கா வாரா வாரம் வர்றது என்னைப் பாக்க இல்ல. நம்ம வீட்டுக் கரண்டைப் பாக்க.”

புகழேந்தி இதைச் சொன்னபோது கொல்லைப்பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“மெதுவாப் பேசுங்க. அண்ணி காதுல விழப்போவுது” என்றாள் அவன் மனைவி வினோதா.

“விழட்டும். போன மாச பில்லே இன்னும் கட்டல. இந்த மாசமும் கட்டலன்னா பீஸைப் பிடுங்கிட்டுப் போயிடுவான். அப்புறம் அது எந்த ஊருக்கு வாளியத் தூக்கிட்டுப் போவும்?”

புகழேந்தி வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். கையில் காசு இல்லாவிட்டாலும் ரோஷத்துக்குக் குறைவில்லை. மில் மூடிய வாரம் அக்கா புருஷன் கொண்டுவந்து இறக்கிய அரிசி மூட்டையை, வந்த டெம்போவிலேயே திருப்பி ஏற்றிவிட்ட ஆள் அவன்.

அக்கா சந்திராவுக்கு வீடு நண்டலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அதாவது தமிழ்நாடு. அங்கே எப்பப் பாத்தாலும் கரண்ட் கட் என்பாள். அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல், ஊறப்போட்ட அரிசியும் உளுந்துமாக ஒரு பெரிய வாளியோடு பஸ் ஏறி, பாலத்துக்கு இந்தப் பக்கம், காரைக்காலைச் சேர்ந்த வரிச்சிக்குடியில் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

கிரைண்டர் நின்றது. சந்திரா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வாளி கனக்குதுடி வினோதா. பாதிய உங்க குண்டான்ல வழிச்சு வச்சிருக்கேன். இருக்கட்டும்.”

வாரா வாரம் இதே வசனம்தான். அவள் பஸ் ஏறியதும் வினோதா சொன்னாள்.

“அந்த மாவுலதானே வாரம் பூரா நமக்கு இட்லி?”

“அது நம்ம கிரைண்டருக்கு வாடகை.”

வினோதா மாவுக் குண்டானை மூடி வைத்தாள்.

மறுநாள் புகழேந்தி வேலைக்கு மனு அனுப்ப காரைக்காலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனான். மனு போய்விட்டது. கொடுத்த காசுக்கு இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. சென்டரைப் பார்த்துக்கொள்ளும் பத்ருன்னிசாவைக் கூப்பிட்டான்.

“ஏம்மா, கரண்ட் ரேட்டு நம்ம பக்கம் எவ்வளவு, தமிழ்நாட்டுப் பக்கம் எவ்வளவுன்னு இதுல பாக்க முடியுமா?”

“பாத்துடலாம்ணே.”

என்ன சாமான், எவ்வளவு நேரம் ஓடும் என்று போட்டால் போதும். ரெண்டு பக்கத்துக் கணக்கையும் சேர்த்து வைத்துக் காட்டும் ஒரு வெப்சைட்டை அவள் கண்டுபிடித்தாள். கிரைண்டர் என்று போட்டார்கள். நம்ம பக்கம்தான் மலிவு என்று வந்தது.

“பாத்தியா! நான் நெனச்சது சரியாப் போச்சு. எங்க அக்கா அங்கேருந்து வந்து இங்க அரைச்சிட்டுப் போவுது.”

“ஒரு தடவ அரைச்சா ஒரு ரூவாகூட மிச்சம் ஆவலையேண்ணே. பஸ்ஸுக்கே அதவிட ஆவுமே?”

பஸ் டிக்கெட்டைப் போட அந்த வெப்சைட்டில் இடம் இல்லை. புகழேந்தியும் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

“உனக்குத் தெரியாதும்மா. இப்படிச் சிறுகச் சிறுகச் சேத்துதான் அவங்க மாடி எடுத்தாங்க. ஒரு பிரிண்ட் போடு.”

நெட்டுக்கும் பிரிண்டுக்குமாக அவன் அழுத காசுக்கு அக்கா ரெண்டு மாசம் மாவு அரைத்திருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று வியாழக்கிழமை சைக்கிளை மிதித்தான். பூவம் தாண்டி, பாலம் தாண்டி, அக்கா வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டான்.

உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் அக்கா புருஷன் சுந்தரமூர்த்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“வா மச்சான். அக்கா ரேஷன் கடைக்குப் போயிருக்கு. உக்காரு.”

“கரண்ட் இருக்கு போலருக்கே அத்தான்?”

“காலையில கொஞ்ச நேரம் போவும். அப்புறம் இருக்கும்.”

“கிரைண்டர் ரிப்பேரா?”

“யார் சொன்னா? நல்லா ஓடுது.”

புகழேந்திக்குச் சுர்ரென்று ஏறியது. சட்டைப்பையில் இருந்த பிரிண்டை எடுத்து அவர் மடியில் போட்டான்.

“அப்ப எதுக்கு அக்கா எங்க வீட்டுக்கு வாளியத் தூக்கிட்டு வருது? பாருங்க, உங்க ரேட்டு, எங்க ரேட்டு, எல்லாம் போட்டிருக்கு. வேலை இல்லாத தம்பிகிட்டயா மிச்சம் புடிக்கிறது? நாளையிலேருந்து வரவேணாம்னு சொல்லிடுங்க.”

சுந்தரமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை முழுக்கப் படித்தார். பிறகு டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

“அன்னைக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டாந்து எறக்கினேனே. என்ன பண்ணின?”

“திருப்பி அனுப்பினேன். நான் என்ன பிச்சையா கேட்டேன்?”

“அதே மூட்டைதான் மச்சான். அதைத்தான் உங்க அக்கா வாரா வாரம் ஊறப்போடுது.”

புகழேந்திக்கு வாரம் பூரா தின்ற இட்லியெல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து நின்றது. அழுகையும் கூடவே வந்தது. பேப்பரை அவரிடமிருந்து வாங்கி, சின்னதாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சந்திரா ரேஷன் பையோடு உள்ளே வந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“எப்படா வந்த? நாளைக்கு நானே அங்க வருவேன்ல? என்ன பண்றது, இங்க கரண்டே இருக்க மாட்டேங்குது.”

அவள் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஆமாக்கா” என்றான் புகழேந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “வந்ததுலேருந்து ஒரே புழுக்கம்.”