நோயில்லாதவரின் ரத்தம்

மதிய வெயில் ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவில் சாய்ந்து கிடக்கிறது. இயந்திரம் ஒரே சுருதியில் முனகுகிறது. ஆராய்ச்சியாளரான அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நுரையீரல் செல்கள் கண்டபடி பெருகாமல் கடிவாளம் போடும் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. துணுக்கை ரத்தத்தில் தேடுகிறாள். புற்றுநோயாளிகளிடம் அது அருகிப்போகிறது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டுமென்று தன் அண்ணனிடமே எடுத்திருந்தாள். திரையில் அந்த ரத்தத்தின் அளவைக் காட்டும் கோடுதான் இப்போது நோயாளிகளின் கோடுகளோடு ஒட்டிக்கொண்டு போகிறது. சோதனையை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாயிற்று, அதே கோடு. அவளை அழைத்துப்போக வந்த அண்ணன் கதவோரத்துச் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டே, "என்ன குட்டி, என் ரத்தம் பாஸா ஃபெயிலா?" என்கிறான். அவள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள். "நான்தான் கலக்கும்போது ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலண்ணா." "சின்ன வயசுலேர்ந்தே உனக்குப் பொய் சொல்ல வராதே." நாற்காலி நின்றுவிடுகிறது. இதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்று அவளுக்குத் தெரியும். நெஞ்சுதான் கேட்கமாட்டேன் என்கிறது. கையுறைகளை உருவிக் குப்பைக்கூடையில் எறிகிறாள். "வீட்டுக்கு அப்புறம் போலாம்ணா. முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துடலாம், வா." அவன் சட்டைப் பொத்தானைத் தடவியபடி எழுந்திருக்கிறான். "நீயும் உள்ள வருவியா?"