கைப்பிடிச் சுவர் வரைக்கும்

“கடைக்காலுக்கு மேல என்ன?”

உடைந்த மழைத்தண்ணீர்க் குழாயின் வழியாகக் கேள்வி வந்தது. சென்ட்ரிங்காரன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டுதான்.

“மச்சான், உன்னைத்தான். கடைக்காலுக்கு மேல?”

“பேஸ்மட்டம்,” என்றான். பல்லிடுக்கில் சிமென்ட் தூள் நறநறத்தது.

காலையில் போர்டிகோ தளம் அவன் தலைமேல் இறங்கியது. தளம் வார்க்க அவனே அடியில் நிறுத்திய முட்டுக் கம்புகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். மேலே பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் தெரியும்.

குறுக்கே சிக்கிய இரண்டு பலகைகளால் உயிர் மிஞ்சியது. இடது கால் இருக்கிறதா போய்விட்டதா என்று புரியவில்லை. புரண்டு படுக்கக்கூட இடமில்லை. முகத்தருகே அந்தக் குழாயின் வாய் மட்டும் இருந்தது.

அதில் பேசுகிறவன் தங்கை புருஷன். இதே கட்டடத்தில் கம்பி கட்டுகிறவன். முன்பு வேறொரு வீட்டில் தளம் தொங்கிப்போனபோது, முட்டு சரியில்லை என்று அவனும் கம்பி சரியில்லை என்று இவனும் இன்ஜினியர் முன்னால் மாறிமாறிக் காட்டிக்கொடுத்தார்கள். அன்றோடு பேச்சு அறுந்தது. அவன் சாரத்தில் ஏறினால் இவன் இறங்கிவிடுவான்.

இன்றைக்குத்தான் பேச்சு வந்திருக்கிறது. அதுவும் இவன் உள்ளே, அவன் வெளியே. தளம் விழுவதற்குச் சற்று முன்னால் அவன் டீக்கடைப் பக்கம் நடந்ததை இவன் கண்ணால் பார்த்திருந்தான். கொடுத்துவைத்தவன்.

“பேஸ்மட்டத்துக்கு மேல?”

“தூக்கம் வருது மாப்ள. விட்டுடு.”

“நீ தூங்கிட்டா உன் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது? அவ வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா. கைப்பிடிச் சுவர் வரைக்கும் வீட்டைக் கட்டி முடி, அப்புறம் தூங்கு.”

“ஜன்னலுக்கு அடியில சில் மட்டம்.”

“அதுக்கு மேல?”

வரவில்லை. ஆயுசு முழுக்க ஜன்னல் தலைமேல் வரும் அந்த விட்டத்துக்குப் பலகை அடித்த கை. பெயர் மட்டும் நாக்குக்கு எட்டவில்லை. தலை மெல்லச் சரிந்தது. சரிவது சுகமாகக்கூட இருந்தது.

“நாலு பலகைய ஆணி அடிக்கத் தெரிஞ்சவனெல்லாம் சென்ட்ரிங்காரன்னு சொல்லிக்கிட்டா இப்படித்தான் முழிக்கணும்.”

“லிண்டல்டா. உங்கப்பன் கட்டின வீட்டுல அது இருந்துச்சா?” கோபத்தோடு மூச்சும் சேர்ந்து வந்தது.

குழாயில் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

“நாக்கு ஒட்டிக்கிச்சு மாப்ள. குழாய்ல கொஞ்சம் தண்ணி ஊத்து.”

குழாய்க்குள் மூச்சிரைப்பு கேட்டது.

“இப்பத் தண்ணி ஆகாது. கால் தெரியலைன்னியே, நசுங்கியிருக்கும்.”

“எந்த டாக்டர் சொன்னாரு?”

“நான் சொல்றேன்.”

வெளியே தளம் நனைக்கத் தொட்டி நிறையத் தண்ணீர் கிடக்கிறது. அதில் ஒரு வாய் ஊற்ற அவனுக்கு மனசில்லை. பழைய வஞ்சத்தைத் தீர்க்க நல்ல நேரம் பார்த்தான் என்று நினைத்தபோது சென்ட்ரிங்காரனுக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்தது. வெளியே போனால் முதல் வேலை, அவன் சட்டையைப் பிடிப்பதுதான்.

“சுவத்துப் பக்கமிருந்து முட்டுக் கம்பை எடுத்தியே, ஏன்?” குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. “வெளிப்பக்கம் தூணும் இல்ல, பீமும் இல்ல, அந்தரத்துல நிக்கிற தளம். கம்பி அத்தனையும் மேல்பக்கம். வெளி நுனியிலேர்ந்துதானே பிரிச்சுட்டு வரணும்.”

“கீழயும் நீ கம்பி போட்டிருப்பேன்னு நெனச்சேன். மேல மட்டும்தான்னு என்கிட்ட சொன்னியா?”

“நீ கேட்டியா?”

எங்கோ கல் ஒன்று உருண்டு நின்றது.

“சரி, லிண்டலுக்கு மேல?” குரல் இப்போது தூரமாகக் கேட்டது.

“சன்ஷேடு. அப்புறம் தளம்.”

தலைமாட்டில் இரும்பு உரசியது. பலகை இடுக்கில் நூல் மாதிரி ஒரு கோடு வெளுத்தது. யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“உன் பக்கம் வெளிச்சம் தெரியுதா மச்சான்?”

“தெரியுது.”

“அப்ப கடைசியைச் சொல்லிடு.”

“கைப்பிடிச் சுவர்.”

“வீடு முடிஞ்சுது. வெளிய போனதும் முதல்ல என்னை வந்து பாரு. மறந்துடாதே.”

“மறப்பேனா? வரேன் இரு.”

ஜாக்கி வைத்துத் தளத்தை நெம்பி, நாலு பேராக அவனை இழுத்துப் போட்டார்கள். வெயில் கண்ணில் குத்தியது. மேஸ்திரி கேட்காமலே தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தார். மடமடவென்று குடித்துவிட்டு, தலையைத் தூக்கிச் சுற்றிலும் தேடினான்.

“எங்க அந்தக் கம்பிக்காரன்? விழுந்ததிலேர்ந்து குழாய்ல தொண்டை கிழியக் கேள்வி கேட்டான், ஒரு வாய் தண்ணி ஊத்தலை. கூப்பிடுங்க அவனை.”

மேஸ்திரியின் கையிலிருந்த பாட்டில் சாய்ந்து, தண்ணீர் மண்ணில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“உன்னைத் தடுக்கணும்னு கையிலிருந்த டீயைக் கீழ போட்டுட்டு உள்ள ஓடினவன்ப்பா, இன்னும் வெளிய வரலை.”