ஒரு பேச்சுக்கு

உதவி தரும் நாடு சமையலறைச் சுவரில் பொருத்திவிட்டுப் போன அரிசிப் பெட்டி, தாங்கள் பேசுவதையெல்லாம் கேட்கிறது என்று சுகந்தினிக்குச் சந்தேகம். பசியோடு இருக்கும் வீட்டுக்குத்தான் அது அரிசி கொட்டும்.

"அதுக்கு முன்னால வாயைத் திறக்காதேங்கோ," என்று கணவன் தவராசாவை எச்சரித்தாள்.

"அதுக்குத் தமிழ் விளங்குமே? எங்கட அமைச்சர் பேசுறது எனக்கே விளங்கேல்லை!"

காலையிலிருந்து இருவருக்கும் வெறும் தேநீர்தான். மகள் பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் அரிசி விழ வேண்டும்.

மத்தியானம் பக்கத்து வீட்டு நிரோஜா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, சாப்பிட்டாச்சோ?"

"ஓம் நிரோஜா, இப்பதான். வயிறு நிறைய," என்று சுகந்தினி சிரித்தாள். வேறு எப்படிச் சொல்வது? இல்லையென்று சொன்னால் அவள் தன் வீட்டில் இருக்கிற கொஞ்சச் சோற்றையும் கொண்டுவந்து நீட்டுவாள்.

நிரோஜா போனதும் பெட்டி நல்ல தமிழில் பேசியது. "மகிழ்ச்சி. உங்களுக்கான அரிசி வேறு குடும்பத்துக்கு மாற்றப்பட்டது."

சுகந்தினி ஓடிப்போய்ப் பெட்டியைத் தட்டினாள். "ஐயோ, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது! நாங்கள் இன்னும் சாப்பிடேல்லை!"



"எங்கள் நாட்டில் யாரும் ஒரு பேச்சுக்குச் சொல்வதில்லை," என்றது பெட்டி.