ராணியைக் கொடுத்தவள்

ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவர், தன் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அதை எடுக்க வந்தார்.

உள்ளே, பாதி தைத்த திரைச்சீலை தையல் மெஷினில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி அவருடைய டேப்லெட்டில் ஆன்லைன் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். அதுவும் அவருடைய கணக்கில்!

எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு ராணி நிற்கிற இடம் மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. எதிராளியின் யானைக்கு நேராகப் போய் நின்றது. அவளானால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! ராணியைக் கொடுத்துட்டியே!"

"இருங்க, இன்னும் ரெண்டே ரெண்டு..."

வெடுக்கென்று டேப்லெட்டைப் பிடுங்கி ஆஃப் பண்ணினார்.

"இப்பத்தான் புரியுது. ஒரு வருஷமா என் ரேட்டிங் ஆயிரத்து நானூத்தி எண்பதுலயே நிக்குது. ஆயிரத்து ஐந்நூறைத் தொட முடியலை. நான் ஏத்தறேன், நீ இறக்கறே! போன வாரம்கூடத் தோத்த பாயிண்ட் தானா திரும்பி வந்திருந்துச்சு; எவனோ திருட்டு ஆட்டம் ஆடினான்னு அந்த செஸ் கம்பெனிக்காரனே திருப்பிக் கொடுத்திருப்பான். அதையும் நீதான் தொலைச்சிருப்பே!"

அவள் எழுந்து திரைச்சீலையைத் தைக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றினார். அப்புறம் பாவமாக இருந்தது. அவள் போனில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தார்.

"இதுல உன் இஷ்டத்துக்குத் தோத்துக்கோ" என்றார் பெரிய மனசு பண்ணி.

இனிமேல் ஏறுமுகம்தான் என்று உட்கார்ந்தார். தோற்றார். மறுநாளும் தோற்றார். நடுவில் ஒன்றிரண்டு ஜெயித்ததெல்லாம் எந்த மூலைக்கும் போதவில்லை. மாதம் முடிவதற்குள் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறுக்கு வந்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை.

தன்னைவிடக் கீழே ஒருத்தி இருப்பாளே, பார்த்து ஆறுதல்பட்டுக்கொள்ளலாம் என்று அவள் போனை எடுத்தார்.

"உன் ரேட்டிங் எவ்வளவு?"

"தெரியலையே. நீங்களே பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஆயிரத்து அறுநூற்று இருபது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?"

"உங்க பக்கத்துல உக்காந்துதான். நீங்க எதை ஆடித் தோக்கறீங்களோ, அதை மட்டும் நான் ஆட மாட்டேன்."

"அப்ப அன்னைக்கு ராணியைக் கொடுத்தியே?"

"அதை அவன் வெட்டினா, அடுத்த ரெண்டாவது மூவ்ல செக்மேட். நீங்கதான் பிடுங்கிட்டீங்க."

அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"அப்ப... எனக்குப் பாயிண்டைத் திருப்பிக் கொடுத்தது கம்பெனிக்காரன் இல்லையா?"

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே அவள் சிரித்தாள்.

"இவ்வளவு தெரிஞ்சவ, அப்படியே ஐந்நூறைத் தாண்ட வச்சிருக்கக் கூடாதா?"

"நம்பரை யாருங்க பார்த்தா? எனக்கு ஆடறதே சந்தோஷமா இருந்துச்சு. நீங்க காலையில தோத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கடைக்குப் போனீங்கன்னா, அன்னைக்கு மட்டும் உங்க பேர்ல ரெண்டு ஆட்டம் ஜெயிச்சு வைப்பேன். அப்பத்தானே ராத்திரி உங்களுக்குச் சாப்பாடு இறங்கும்?"