ஒற்றைக் கோடு

ஐந்து நிமிடம் ஆகும்வரை பட்டையை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

அப்பா தொடவில்லை. அதன் மேல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

"தள்ளி உக்காருங்கப்பா."

சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள். அதன் மேல் விரல் நீளத்துக்கு ஒரு சோதனைப் பட்டை. பக்கத்தில் என் கைக்கடிகாரம்.

ஆய்வகப் பயிற்சிக்கு மாலை வகுப்பு போகிறேன். சிகரெட் பிடித்தவர் உடம்பில் நிகோட்டின் உடைந்து கோட்டினின் என்ற பொருளாக மாறும். அது சில நாள் எச்சிலில் தங்கியிருக்கும். அதைக் கண்டுபிடிப்பது போன வாரப் பாடம். வீட்டில் யாருக்காவது செய்து பார்த்து எழுதி வரச் சொல்லி ஜீவமணி மேடம் ஆளுக்கு ஒரு பட்டை தந்திருந்தார்.

ஒன்றே ஒன்று. நான் கெடுத்தால் கெடுத்ததுதான்.

அம்மா அப்பாவிடம் பேசி எட்டு நாள் ஆகிறது.

மாதா கோவில் கொடியேற்றத்தன்று, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று அப்பா நேர்ந்துகொண்டார். மறுநாளே அவருடைய வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, பையில் கைவிட்டுப் பார்த்தாள்.

அன்றிலிருந்து எல்லாம் என் வழியாகத்தான். "உங்க அப்பாட்ட சொல்லு, சோறு எடுத்து வச்சிருக்குன்னு." அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

நாளை திருவிழா. கல்யாணமான வருடத்திலிருந்து பவனியில் இருவரும் சேர்ந்துதான் நடந்திருக்கிறார்கள். நேற்றுக் காலை, அவருக்கான காப்பியை என் கையில் கொடுத்து அம்மா நிபந்தனை போட்டாள்.

"நீ படிக்கியே, எச்சில்ல பாக்கது. அதுல சுத்தம்னு வரட்டும், பேசுதேன். இல்லன்னா பவனிக்கு நான் உன் கூட நடந்துக்கிடுதேன்."

அப்பா துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுகிறார். "அவ்வளவு பெரிய கப்பலையே இழுத்துக் கொண்டாந்து நிறுத்துதேன். துப்பதுக்கா பயப்படுவேன்?" என்று சுவரிடம் சொன்னார்.

இன்று காலையிலிருந்து நான்கு முறை உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். கிராம்பு மென்றார். கோட்டினின் இரத்தத்திலிருந்து எச்சிலுக்கு வருவது, கொப்பளித்தால் போகாது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு ஐந்தாவது முறை கொப்பளித்தார்.

பத்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, பஞ்சு சுற்றிய குச்சியைக் கொடுத்தேன். இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து உதட்டோரமாக வைத்துக்கொண்டார். வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. சட்டென்று பேனா பிடிப்பதுபோல மாற்றிப் பிடித்தார்.

மூன்றாவது நிமிடம். பட்டையில் மேல்கோடு வந்துவிட்டது. பட்டை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக எப்போதும் வருவது அது. பார்க்க வேண்டியது கீழ்க்கோட்டைத்தான்.

இதில் எல்லாம் தலைகீழ். எச்சில் சுத்தமாக இருந்தால் கீழ்க்கோடும் வரும். புகையிலை இருந்தால் வராது. வகுப்பில் இரண்டு முறை இதை மாற்றிச் சொல்லி மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

நான்காவது நிமிடம். பட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினேன். மங்கலாக வந்தாலும் கோடு கோடுதான். சோதனை செய்கிறவர் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். மாதாவை வேண்டிக்கொண்டேன்.

ஐந்து.

கீழே வெள்ளையாகவே இருந்தது.

எச்சில் போதவில்லையோ. கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்தேனோ. முதலிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன். இன்றைக்குப் பார்த்து.

வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஒத்தக் கோடு. அப்ப ஒண்ணுமில்ல. போன வருசம் நம்ம ஜெர்லினுக்குப் பாத்தோம்லா, உண்டாயிருக்காளான்னு. ரெண்டு கோடுன்னா உண்டு, ஒண்ணுன்னா இல்ல."

அக்காவுக்குப் பார்த்தது வேறு பட்டை, வேறு விஷயம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அம்மா அதற்குள் அப்பா பக்கம் திரும்பிவிட்டாள்.

"நெத்திலிக் குழம்பு ஆறுது, வாங்க. நாளைக்கு அந்த நீலச் சட்டையப் போடுங்க."

எட்டு நாளுக்குப் பிறகு, நேராக அவருக்கே.

அப்பா எழுந்திருக்கவில்லை. அம்மா உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"ஏளா, இது சரியாத்தான் காட்டுதா? காலைல ஒண்ணு..."

நான் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாசாமாசம் ஒண்ணு பாத்துரணும், ஷெர்லின். உங்க மேடத்துட்ட கேட்டு வாங்கி வை," என்றாள் அம்மா உள்ளிருந்து. அப்பாவின் முகத்தில் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். முடிவை எழுதுவதற்காக ஃபிரிட்ஜ் மேலிருந்த வகுப்பு நோட்டை எடுத்தேன். பொய் எழுத முடியாது. அம்மா இதையெல்லாம் எங்கே படிக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, போன வாரப் பக்கத்தைப் பிரித்தேன்.

மறக்காமலிருக்க, பெரிய எழுத்தில், சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன். ஒரு கோடு: புகையிலை உண்டு. இரண்டு கோடு: இல்லை.

அந்த வரிக்குக் கீழே ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. நகம் அளவுக்குப் பெரியது.

நெத்திலியில் அவ்வளவு பெரிய செதில் கிடையாது. அது விளமீன் செதில்.

எங்கள் வீட்டில் விளமீன் வாங்கி அம்மா ஆய்ந்தது முந்தாநாள்.

அம்மா நிபந்தனை போட்டது நேற்று.